பனிக்காலத்தில் சைக்கிள்: ஆணி டயர் மாட்டுவதும் ஓட்டுவதும்

விடியற்காலையில் புல்லில் நிற்கும் துளியும் பனி, கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி. வானத்திலிருந்து பஞ்சாக உதிர்வதும் பனி, அது உருகி மறுபடி உறைந்து தரையில் கண்ணாடியாகக் கிடப்பதும் பனி. பேச்சுக்கு இந்த ஒரு சொல் போதும். குளிர்காலம் முழுக்க சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவருக்குப் போதாது. பஞ்சாகக் கிடக்கும் பனி ஆளைத் தள்ளுவது குறைவு. தள்ளுவது அந்தக் கண்ணாடிதான்.

எனக்கு இது புரிய ஒரு முழங்கை செலவானது. முதல் குளிர்காலத்தில் மலைப்பாதை சைக்கிளுக்கான தடித்த பட்டன் டயர்களைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் வெண்பனியில் ஜோராக ஓட்டினேன். எட்டாவது நாள் வானம் தெளிந்திருந்தது. சாலையில் பனியே இல்லை, லேசாக ஈரமாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. வளைவில் திரும்பினேன், முன்சக்கரம் எப்போது போனது என்று தெரிவதற்குள் தரையில் இருந்தேன். எழுந்து காலை ஊன்றியபோது மறுபடியும் வழுக்கியது. ஈரம் என்று நினைத்தது ஐஸ்.

அதனால் இந்தக் கட்டுரையில் விழுந்து கிடப்பதை வெண்பனி என்றும், உறைந்து இறுகியதை ஐஸ் என்றும் பிரித்தே சொல்கிறேன். டயர் வாங்குவது, காற்று அடிப்பது, ஓட்டுவது எல்லாமே இந்தப் பிரிவைப் பொறுத்தது.

எந்த டயர்

சாதாரண டயரின் ரப்பர் குளிரில் விறைத்துவிடும். குளிர்கால டயருக்கென்று தயாராகும் ரப்பர் கலவை அதே குளிரிலும் இளகியிருக்கும். அதன் மேல்பரப்பில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். ஆணி இல்லாத குளிர்கால டயர் என்பது இவ்வளவுதான். ஈரச் சாலை, மெல்லிய வெண்பனி, குளிர்ந்த தார் ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். ஐஸில் பிடிக்காது. அதிலும் 0 டிகிரியை ஒட்டிய ஐஸ் மிகவும் மோசம். அதன் மேல் ஒரு நீர்ப்படலம் இருக்கும், எவ்வளவு இளகிய ரப்பரும் அந்தப் படலத்தின் மேல்தான் மிதக்கும். மைனஸ் 15-ல் கிடக்கும் ஐஸ் இதைவிட எவ்வளவோ தேவலை.

ஐஸைக் கொத்திப் பிடிக்க உலோகம் வேண்டும். அதுதான் ஆணி டயர். ரப்பரில் குட்டி ஆணிகள் பதித்திருப்பார்கள். 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஆணியின் நுனி டங்ஸ்டன் கார்பைடா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் எஃகு ஆணி, ஐஸ் இல்லாத தாரில் உரசி உரசிச் சீக்கிரமே மழுங்கிவிடும். வேலைக்குப் போகும் பாதையில் வெறும் தார்தான் அதிகம் என்பதால் இங்கே சிக்கனம் பார்த்தால் அடுத்த வருடமே மறுபடி வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, ஆணி எத்தனை வரிசை என்பது. இரண்டு வரிசை டயரில் ஆணிகள் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இருபுறமும் இருக்கும். காற்று நிறைய இருந்தால் நடு ரப்பர்தான் அதிகமாக உருளும்; காற்றைக் குறைத்தால் ஆணிகள் நன்றாகப் பதியும். நான்கு வரிசை டயரில் நடுவில் உள்ளவை எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும், வெளி வரிசைகள் சாயும்போது உதவும். பின்லாந்திலிருந்து நோக்கியன் என்ற பெயரில் வந்து, இப்போது சுவோமி டயர்ஸ் என்ற பெயரில் வரும் டயர்களில் ஆணிகளின் எண்ணிக்கையே மாடலின் பெயர்: டபிள்யூ106, டபிள்யூ240. ஜெர்மன் டயர் நிறுவனமான ஷ்வால்பேயின் டயர்களில் ‘வின்டர்’ இரண்டு வரிசை, ‘மாரத்தான் வின்டர் பிளஸ்’ நான்கு வரிசை.

உங்கள் பாதையில் பனியை உடனுக்குடன் அள்ளி உப்புப் போட்டுவிடுகிறார்கள், எங்கோ ஓரிரு இடத்தில்தான் ஐஸ் என்றால் இரண்டு வரிசை போதும். ஆனால் தினமும் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர் நான்கு வரிசை வாங்குவதுதான் சரி என்பது என் எண்ணம். கொஞ்சம் கனம், கொஞ்சம் சத்தம், கொஞ்சம் வேகக் குறைவு. அந்த ஓரிரு இடங்கள் இன்றைக்கு எங்கே இருக்கின்றன என்று காலையில் யாரும் வந்து சொல்லப்போவதில்லையே.

ஒரு ஜோடி வாங்க முடியவில்லை என்றால் ஆணி டயரை முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் வாலை ஆட்டும், சமாளிக்க ஒரு கணம் கிடைக்கும். முன்சக்கரம் வழுக்கினால் அந்தக் கணம் கிடைக்காது.

அளவும் இடைவெளியும்

இப்போது இருக்கும் டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். 28 அங்குலம், 29 அங்குலம், 700சி என்று வெவ்வேறு பெயரில் விற்கும் டயர்கள் பெரும்பாலும் இதே 622-தான். இன்றைய 26 அங்குல மலைப்பாதை சைக்கிளுக்கு 559, இருபத்தேழரைக்கு 584, மடக்கு சைக்கிள்களில் பொதுவாக 406. அங்குலக் கணக்கை நம்பி வாங்கி, மாட்டும்போது திண்டாடாதீர்கள்.

அகலத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பென்சில் தாராளமாக நுழைய வேண்டும். பென்சில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அதற்குக் குறைவாக இருந்தால் ஆணி உரசுகிறதா என்பது மட்டும் பிரச்சினை இல்லை. ஈரமான வெண்பனி அந்த இடுக்கில் அடைத்து உறைந்து சக்கரத்தையே நிறுத்திவிடும். மட்கார்டைக் கழற்றி எறிவதைவிட ஒரு அளவு ஒல்லியான டயர் வாங்குவது மேல். மட்கார்டு இல்லாமல் உப்புத் தண்ணீர் முதுகில் தெறிக்க ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

டயரின் பக்கவாட்டில் உருளும் பழைய வகை டைனமோ இருந்தால், ஈரப்பனியில் அது வழுக்கி விளக்கு அணையும். சக்கரத்தின் மையத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் டைனமோவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாட்டும் வேலை

வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய நாளே டயரை வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். குளிர்ந்த டயர் முறுக்கிக்கொண்டு நிற்கும், ரிம்மில் ஏறாது. கைக்குத் தடித்த கையுறை கட்டாயம் வேண்டும். ஆணிகள் கூர்மையாகத் தெரியாது. ஆனால் டயரை இறுக்கிப் பிடித்துத் தள்ளும்போது உள்ளங்கையைச் சீவிவிடும். டயர் லீவர் (டயரின் ஓரத்தை நெம்பும் பட்டை) இரண்டு மூன்று, பம்பு, காற்றழுத்த மானி, அச்சில் நட்டு இருந்தால் ஸ்பேனர். இவ்வளவுதான் சாமான்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தில் தொடங்குங்கள். ரிம் பிரேக் என்றால் அதன் கேபிளை விடுவித்துக் கட்டைகளை விரித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றிய பிறகு பிரேக் பிடியை மறந்தும் அழுத்தக் கூடாது. உள்ளே கட்டைகள் ஒட்டிக்கொண்டு தட்டு நுழைய இடமில்லாமல் போகும். இடையில் மடித்த அட்டை ஒன்றைச் செருகி வைத்தால் நிம்மதி.

பழைய டயரின் காற்றை முழுதாக இறக்கிவிட்டு, அதன் இரண்டு ஓரங்களையும் சுற்றிலும் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரை நுழைத்து ஓரத்தை வெளியே எடுங்கள். டியூபை உருவியதும் ரிம்முக்குள் இருக்கும் பட்டையைப் பாருங்கள். விலகியோ கிழிந்தோ இருந்தால் கம்பியின் முனை டியூபைக் குத்தும். உறையும் குளிரில் ரோட்டோரம் நின்று விறைத்த விரலோடு பஞ்சர் ஒட்டுவதைவிட இப்போதே புதுப் பட்டை போட்டுவிடலாம். டியூபும் பழசு என்றால் மாற்றிவிடுங்கள்.

புது டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்பு இருக்கும். செயின் இருக்கும் வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் முன்னே போகும்போது கடிகாரத் திசையில் சுழலும். அம்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். நான் ஒரு முறை எல்லாம் முடித்துக் காற்றும் அடித்த பிறகுதான் அம்பைப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து.

முதலில் டயரின் ஓர் ஓரத்தை மட்டும் சுற்றிலும் ரிம்மில் ஏற்றுங்கள். டியூபுக்கு வடிவம் வரும் அளவுக்கு இரண்டு அடி காற்று அடித்து, வால்வைத் துளையில் விட்டு, டியூபை டயருக்குள் முறுக்கில்லாமல் பரப்புங்கள். இப்போது இரண்டாவது ஓரம். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இரு கைகளாலும் இருபுறமும் ஏற்றிக்கொண்டே வாருங்கள். வால்வுக்கு அருகில் முடிய வேண்டும். கடைசி ஒரு சாண் மட்டும் ஏறாமல் அடம்பிடிக்கும். அப்போது லீவரைத் தேடாதீர்கள், ஏற்கெனவே ஏறிய பகுதியைச் சுற்றிலும் கிள்ளி நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள். பள்ளத்தில் விட்டம் குறைவு என்பதால் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும், உள்ளங்கையின் அடிப்பகுதியால் உருட்டினால் ஏறிவிடும். லீவரால் நெம்பி ஏற்றியவர்களின் டியூப் பெரும்பாலும் அங்கேயே கிள்ளுப்பட்டு ஓட்டையாகும்.

ஏறியதும் வால்வை ஒரு முறை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றி இருபுறமும் டயரை விரலால் விலக்கி, டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். பாதிக் காற்று அடித்துச் சுழற்றினால் டயரின் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரியும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். எங்காவது உள்வாங்கியிருந்தால் காற்றை இறக்கி அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடித்தால் ‘டப்’ என்று வெளியே வந்து உட்கார்ந்துவிடும்.

பின்சக்கரத்துக்கு ஒரே வித்தியாசம்: கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் சைக்கிள் என்றால் கேபிள் எப்படி மாட்டியிருந்தது என்று கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சக்கரங்களை மாட்டியதும் கையால் சுழற்றிக் காது கொடுங்கள். ஆணி எதிலும் உரசக் கூடாது. ரிம் பிரேக் என்றால் விடுவித்த கேபிளை மறுபடி மாட்ட மறக்காதீர்கள்.

முதல் 40 கிலோமீட்டர்

புது ஆணிகள் ரப்பரில் சரியாகப் பதிந்து உட்கார வேண்டும். ஷ்வால்பே இதற்காகச் சொல்வது சுமார் 40 கிலோமீட்டர், அதுவும் வெறும் தாரில், திடீர் வேகமோ திடீர் பிரேக்கோ இல்லாமல். இதைச் செய்யாமல் நேராக ஐஸில் இறங்கி முறுக்கினால் ஆணிகள் கழன்று போகும். ஆகவே முதல் ஐஸ் விழும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டிவிடுங்கள். வெறும் தாரில் ஆணிகள் சடசடவென்று தூறல் மாதிரி சத்தம் போடும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மணி அடிக்காமலே வழி கிடைக்கும்.

காற்று எவ்வளவு

டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்ச, அதிகபட்ச அழுத்தம் எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் நின்றுகொள்ளுங்கள். வெறும் தார் என்றால் மேல் பாதி, ஐஸும் வெண்பனியும் என்றால் குறைந்தபட்சத்தை ஒட்டி. காற்று குறைந்தால் டயர் தட்டையாகித் தரையை அதிகம் தொடும், அதிக ஆணிகள் பதியும். அதிகமாகக் குறைத்தால் குழியில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்துவிடும்.

வீட்டுக்குள் காற்று அடிப்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. 20 டிகிரி அறையில் 4 பார் (காற்றழுத்த அலகு) அடித்து மைனஸ் 10-ல் வெளியே கொண்டுபோனால், சற்று நேரத்தில் அது மூன்றரை பார் ஆகியிருக்கும். காற்று கசியவில்லை, குளிரில் சுருங்கியிருக்கிறது. இன்னொரு அலகான பிஎஸ்ஐ கணக்கில் 58 இருந்தது 51-க்கு அருகில் வரும். வெளியே வேண்டிய அழுத்தத்தை முடிவு செய்துகொண்டு உள்ளே அரை பார் கூட்டி அடியுங்கள். அதிகபட்சத்தை மட்டும் தாண்ட வேண்டாம்.

ஓட்டுவது

ஆணி டயர் மாட்டிய முதல் வாரம் ரொம்பவே ஆபத்தானது, நம்பிக்கை டயரைவிட வேகமாக ஏறிவிடுவதால். இது ஐஸில் விழாமல் போக உதவும் டயர். கோடைகாலத்தில் போகும் வேகத்தில் போக உதவும் டயர் இல்லை.

சீட்டை 1 அல்லது 2 சென்டிமீட்டர் இறக்குங்கள். கால் சட்டென்று தரைக்கு எட்டும். ஐஸ் தெரிந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் நேராகப் போங்கள். ஐஸின் மேல் இருக்கும்போது செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை: சீராக மிதிப்பது, கையை இறுக்காமல் வைத்திருப்பது. திரும்பத்தான் வேண்டுமென்றால் உடலைச் சாய்க்காமல், சைக்கிளை நிமிர்த்தியபடி, ஹேண்டில்பாரைக் கொஞ்சமாகத் திருப்பி அகல வளைவாகப் போக வேண்டும்.

பிரேக்கில் பின் பிரேக் முதலில், மெதுவாக. சைக்கிள் நேராகப் போகும்போது முன் பிரேக்கையும் லேசாகச் சேர்க்கலாம், வளைவில் தொடவே கூடாது. ரிம் பிரேக்கில் ஈரப்பனி ஒட்டியிருந்தால் முதல் சில சுற்றுக்கு ஒன்றுமே பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னமே லேசாகத் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் எங்கே இருக்கும் என்று ஊகிக்கப் பழகுவது பாதி வித்தை. பகலில் உருகி, இரவில் வானம் தெளிந்து, மறுநாள் விடியும் காலைதான் மிகவும் மோசம். தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். வானிலை அறிவிப்பில் 2 டிகிரி என்று இருந்தாலும் சாலை உறைந்திருக்கலாம். பாலத்தின் மேல் முதலில் உறையும், அடியிலும் குளிர்காற்று ஓடுவதால். கட்டட நிழல், கூரையிலிருந்து நீர் சொட்டும் இடம், சாலையோரம் தள்ளிய பனிக்குவியல் உருகி நீர் ஓடிய தடம், இவையெல்லாம் அடுத்தபடி. ஈரமாகத் தெரிகிற சாலையில் முன்னே போகும் வண்டி நீர் தெறிக்கவில்லையென்றால் அது ஈரமில்லை.

புதிதாக விழுந்த வெண்பனி சில சென்டிமீட்டர் ஆழம்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. ஒல்லி டயர் அதைக் கீறிக்கொண்டு அடியிலுள்ள தாரைத் தொடும். பல வண்டிகள் ஏறிப் பொடியாகிக் கிடக்கும் பனி வேறு விதம். மணலில் ஓட்டுவதுபோல் முன்சக்கரம் அலையும், ஆணி எத்தனை இருந்தாலும் உதவாது. கியரைக் குறைத்து, எடையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, நிற்காமல் மிதித்துக்கொண்டே போக வேண்டும்.

நான் இன்றும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது ஒரே ஒரு இடத்தில்: சேறாக இருந்தபோது பதிந்த சக்கரத் தடங்களும் காலடிகளும் அப்படியே கல்லாக உறைந்த பாதையில். ஆணி நன்றாகப் பிடிக்கும். ஆனால் தடம் முன்சக்கரத்தைத் தன் போக்கில் இழுக்கும், உடல் வேறு பக்கம் போகும். தப்பிக்க வழியில்லாமல் கடந்தே ஆகவேண்டுமென்றால் தடத்தைச் செங்குத்தாகத் தாண்டுங்கள். டிராம் தண்டவாளத்துக்கும் இதே விதி. உலோகத்தின் மேல் ஆணி ஒன்றையும் கொத்தாது, உண்மையில் ரப்பரைவிட வழுக்கும். இரும்பு மூடிகளும் வழவழப்பான கல் தளமும் அப்படியே. வெறும் தாரில்கூடக் கடும் வளைவில் ஆணி டயர் சாதாரண டயர் அளவுக்குப் பிடிக்காது.

பின்னால் வரும் கார்க்காரருக்கு உங்களிடம் இருக்கும் பிடிப்பு இல்லாமல் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். நீங்கள் நின்றுவிடுவீர்கள், அவரால் முடியாது.

அப்புறம், இறங்கும்போது. ஆணி டயர்க்காரர்கள் விழுவது பலமுறை இங்கேதான். சைக்கிள் பாறை மாதிரி நிற்கும் ஐஸில், சாதாரண ஷூ போட்ட காலை ஊன்றியதும் கால் மட்டும் தனியாகப் போய்விடும். பாதத்தைத் தட்டையாக, சைக்கிளுக்கு அருகிலேயே வையுங்கள். இரு கால்களும் ஊன்றும்வரை பிரேக்கை விடாதீர்கள்.

பராமரிப்பு

உப்புதான் எதிரி. வாரம் ஒரு முறையாவது வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைத்து, செயினுக்கு ஈரக்காலத்துக்கான எண்ணெய் விடுங்கள். கழுவிய ஈரத்தோடு வெளியே நிறுத்தினால் கேபிள், பூட்டு, ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழலவிடும் பகுதி) எல்லாம் உறைந்துவிடும். ஃப்ரீவீலுக்குள் உறைந்தால் பெடல் முன்னே சும்மா சுழலும், சக்கரம் நகராது. ரிம் பிரேக் என்றால் கட்டைகளில் பதிந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்குகளையும் ஊசியால் நெம்பி எடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மை அரம்போல் தேய்த்துவிடும். மின்சைக்கிள் வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்துப் போங்கள். குளிரில் அதன் தூரம் குறையும். 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் போட்டால் கெட்டுப்போகும்.

ஒன்றிரண்டு ஆணிகள் கழன்றால் கவலையில்லை. நிறையப் போய்விட்டால் தனியாக ஆணி வாங்கி, அதற்கான சிறு கருவியால் பதிக்கலாம்; துளையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டால் எளிதாக இறங்கும். பின்டயர் முதலில் தேயும். அடுத்த பருவத்தில் முன்னும் பின்னும் மாற்றிப் போடலாம், ஆனால் சுழலும் திசையை மாற்ற வேண்டாம். இதுவரை ஒரு பக்கமாக அழுந்திப் பழகிய ஆணிகள் எதிர்த்திசையில் தளர்ந்துவிடும்.

காலை ஐஸ் முற்றிலும் நின்று இரண்டு வாரம் ஆனதும் கழற்றுங்கள். வெயில் வந்த முதல் நாளே அவசரப்பட்டால் கடைசியாக ஒரு உறைபனி காத்திருக்கும். உப்பைக் கழுவிக் காயவைத்து, இருட்டான குளிர்ந்த இடத்தில், மின்மோட்டார் ஓடும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள். மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும். வைக்கும் முன் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் எது முன், எது பின் என்று எழுதிவிடுங்கள்.